சிவப்பு நூல் தைத்த சாக்கு

சங்கத் தலைவர் கோணாமலையின் தலை, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சோறு உண்டு கை கழுவுகிற நேரத்தில் மேலும் கீழுமாக ஆடத் தொடங்கியது. பிறகு நிற்கவேயில்லை. தூக்கத்திலும் ஆடியது. சவரம் செய்ய வந்தவர் அரைநாள் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கழுத்துக்குப் பட்டி கட்டினார்கள். பட்டியும் சேர்ந்து ஆடியது. அந்தக் கிழமை மண்ணெண்ணெய் விலையும் ஏறியதால் ஊர் இரண்டையும் ஒன்றாகத்தான் பேசியது.

காரணம் சின்னத்தங்கத்துக்குத் தெரியும். சித்தாண்டிக்கு மேற்கே வட்டை வயல்வெளியில் அவளுக்கு மூன்று ஏக்கர் வயல். சூடடிப்பு முடிந்ததும் முருகன் கோயில் அன்னதானத்துக்கு ஒரு மூடை, அநாதைப் பிள்ளைகளின் மடத்துக்கு ஒரு மூடை, அகதிகளுக்கென்று ஊர்ச் சங்கத்துக்கு ஒரு மூடை கொடுப்பாள். சாக்கின் வாயோரம் சிவப்பு நூலால் மூன்று தையல் போட்டுவிடுவாள், வெறுஞ்சாக்குத் திரும்பி வரவேண்டும் என்பதற்காக. தொண்ணூறில் சங்கத்துக்குப் போன சாக்கு வேறு வழியாகத் திரும்பி வந்தது. ஆவணி மாதம் ஆமிக்காரர்கள் ஊர் ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். தலையில் சாக்கு மூடிய ஒருவன் கதிரையில் உட்கார்ந்திருந்தான். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் வாய் திறக்கவில்லை, ஒன்பது பேரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். நான்காவது ஆள் அவளுடைய புருஷன் வினாயகமூர்த்தி. சாக்கின் ஓரத்தில் சிவப்புத் தையல் இருந்ததை வேலிக்கு வெளியே நின்று அவள் பார்த்தாள். ஒன்பது பேரையும் ஏற்றிக்கொண்டு வாகனம் போனபின், வேலியோரம் கிடந்த சாக்கை எடுத்துப்போய்க் கழுவாமல் மடித்து வைத்தாள்.

தொண்ணூற்றிரண்டில் பயிரைப் பூச்சி அடித்தது. கொடுக்க மிஞ்சியது ஒரே ஒரு மூடை. கேட்டு வந்தவர்கள் மூன்று பேர்: கோயில் ஆள், மடத்தைப் பார்க்கிற பேர்னிஸ் மிஸ், உழவு மெசினில் வந்த கோணாமலை. சங்கத்து நெல் கோணாமலையின் அடுப்புக்குத்தான் போகிறது என்பது ஊரறிந்த விஷயம்.

"நாப்பத்தொரு புள்ளைகள் இரிக்கிறாங்க, சின்னத்தங்கம். ஒருநேரக் கஞ்சிதான். ஒரு மூடை தந்தா ஒரு கிழமைக்குக் காணும்" என்றார் பேர்னிஸ்.

சின்னத்தங்கத்துக்குப் பிள்ளைகள்மேல் இரக்கம் வந்தது. ஆனால் அன்று சாக்குக்குள் ஆடிய தலை கோணாமலையுடையதுதான் என்ற ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. உள்ளே போய், அந்தச் சாக்கின் இரண்டு ஓட்டைகளையும் சிவப்பு நூலால் அடைத்து, நெல்லைக் கொட்டிக் கோணாமலையிடம் கொடுத்தாள். அவர் சாக்கைப் பார்க்கவில்லை, பாரத்தைத்தான் பார்த்தார். பேர்னிஸ் வெறுங்கையோடு வாவிக்கரைப் பாதையில் போனார். ஐந்தாம் நாள், அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், கோணாமலை அந்த நெல்லைக் குத்தி ஆக்கிச் சாப்பிட்டார்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் பேர்னிஸ் வந்தார். "மடத்துக்கு முப்பது மூடை தருவீங்களா?"

கோணாமலையின் வாய் "இல்ல, இல்ல" என்றது. தலை ஓம் என்றது. செயலாளர் சீனித்தம்பி எதை எழுதுவதென்று தெரியாமல் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பின்வரிசையிலிருந்து சின்னத்தங்கம் எழும்பினாள். "அண்டைக்குப் பள்ளிக்கூட மைதானத்துல தலைதானே சொல்லிச்சு. வாய ஆரு கேட்ட?"

சீனித்தம்பி முப்பது என்று எழுதினார். அதன்பிறகு கோணாமலையின் வாயை ஒருவரும் கேட்கவில்லை. கோயில் கேட்டது, அகதி முகாம் கேட்டது, ஒன்பது வீட்டுப் பெண்களும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலை சம்மதித்தது. சங்கத்து நெல் முடிந்ததும் அவருடைய நெல், பிறகு உழவு மெசின், பிறகு வயல், கடைசியில் வீட்டு ஓடு. சின்னத்தங்கம் ஒவ்வொன்றும் போகும்போது போய் நின்று பார்த்தாள். அவளுக்கு அது நன்றாக இருந்தது. புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் அவள் அந்தத் தலையிடம் கேட்கவில்லை. அதற்கும் ஆடும் என்று அவளுக்குத் தெரியும்.

தொண்ணூற்று நாலில் மறுபடியும் ஒரு மூடைதான் மிஞ்சியது. களத்தில் பேர்னிஸ் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு சின்னப் பையைப் பிடித்துக்கொண்டு கோணாமலை நின்றார். விலா எலும்பை எண்ணலாம்.

"பசிக்குதா?" என்று கேட்டாள் சின்னத்தங்கம்.

"ஓம் புள்ள" என்றது வாய். தலையும் ஆடியது. இரண்டு வருடத்தில் வாயும் தலையும் ஒன்றைச் சொன்னது அன்றைக்குத்தான்.

"உன்ட தலைய இனி ஆரு நம்புவாங்க?" என்று சொல்லிவிட்டு அவள் மூடையைப் பேர்னிஸின் வண்டியில் ஏற்றினாள். வண்டி வயல்வரம்பு தாண்டி மறையும்வரை கோணாமலையின் தலை ஆடிக்கொண்டிருந்தது. களத்தில் இருந்தவர்கள் வைக்கோலை அள்ளப் போனார்கள்.