நாற்பத்து மூன்று பேரின் எழுச்சி

கிறிஸ்தவம் உலகத்தில் வளர்கிறதா தேய்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். கானா நாட்டுக் குமாசி நகரில், எங்கள் சுவாமே கிளைச் சபையில், நாற்பத்து மூன்று பேர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தலை எண்ணுகிற ஊழியம் என்னுடையது. நூற்றுக்குக் குறைந்தால் கிளையை மூடி பந்தமா சபையோடு சேர்த்துவிடுவோம் என்று தலைமையகம் கடிதம் போட்டிருந்தது.

பந்தமாவில் மூப்பர் யார் தெரியுமா? ஓடூரோ. என்னை விட்டுவிட்டுப் போன புருஷன். பக்கத்திலேயே ஃபெலிசியா, அவனுடைய புது மனைவி. அந்த இரண்டு முதுகையும் பார்த்துக்கொண்டு ஆண்டவரைத் துதிக்க என்னால் ஆகாது.

தலைமையகத்திலிருந்து கணக்கெடுக்க பொவாட்டெங் ஐயா வந்தார். கையில் அமுக்கினால் எண் ஏறும் கருவி. பிள்ளைகள் இடம் மாறி ஓடுவதால் அவருக்குக் கணக்குத் தப்பிக்கொண்டே இருந்தது. பிறந்த கிழமைவாரியாக ஆடிப்போய்க் காணிக்கை போடும் கிழமை ஆட்டத்தின்போது எண்ணுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

"திங்கக்கிழம பொறந்தவங்கல்லாம் வாங்க!" என்றார் பாஸ்டர் அம்போன்சா. பதினோரு பேர் வெள்ளைக் கைக்குட்டையை வீசி ஆடிக்கொண்டு முன்னால் போய் வந்தார்கள். என் கிழமையான செவ்வாய்க்கு ஐந்தே பேர். எந்தக் கிழமைக்குக் கூட்டம் அதிகம் என்பதில் பிறந்த கிழமை தோற்றால் எங்களுக்கு மானமே போய்விடும்.

பக்கத்திலிருந்த தையல்காரி அப்ராஃபியை இடித்தேன். "எந்திரிடி!"

"மான்சாக்கா, நான் திங்கள். இப்பத்தானே ஆடிட்டு வந்தேன்?"

"உங்கம்மா?"

"செவ்வா. செத்துட்டாங்களே."

"அவங்களுக்காக ஆடு. செத்தவங்க சபையில இல்லியா?"

அதோடு அணை உடைந்தது. மாமியாருக்காக ஆடினார்கள், பிறக்கப்போகும் பேரனுக்காக ஆடினார்கள். மெக்கானிக் பார்னி தன் லாரிக்காக ஆடினான். அதைப் புதன்கிழமை வாங்கினானாம். வெள்ளிக்காரர்கள் தோற்க மனமில்லாமல், வாசலில் காராமணி கலந்த வாச்சே சோறு விற்ற ராபியாவை இழுத்து வந்தார்கள். அவள் முஸ்லிம். "கெழம எல்லாருக்கும் பொதுதானே!" என்று எல்லாரையும்விட நன்றாக ஆடினாள். பொவாட்டெங் ஐயா வியாழனில் பிறந்தவர். அவரும் ஆடினார், சுற்றுக்கு ஒரு தடவை தனக்காகவும் கருவியை அமுக்கிக்கொண்டார்.

இருநூற்று எண்பத்தாறு.

அவர் கண் கலங்கிவிட்டது. "ஐரோப்பாவுல கோயில வித்து மதுக்கடை வைக்கிறாங்களாம். இங்க பாருங்கம்மா, எழுப்புதல!"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஓடூரோவின் முதுகு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் கடிதம். இவ்வளவு வேகமாக வளரும் சபையை ஒரே ஆள் மேய்க்க முடியாதாம். பந்தமாவில் ஆள் குறைந்துகொண்டே போவதால் அதை மூடிவிட்டு, அங்கிருக்கிற அனைவரையும் அனுபவமுள்ள மூப்பரோடு இங்கே அனுப்புகிறார்களாம். யானை தன் தலையில் தானே மண்ணள்ளிப் போட்டுக்கொண்ட கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்தொரு பேர் வந்தார்கள். ஓடூரோவும் ஃபெலிசியாவும் எனக்கு நேர் முன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எண்ணினேன். அறுபத்து நாலு.

"வளந்துட்டோம் மான்சாக்கா! நெஜமாவே வளந்துட்டோம்!" என்று பாஸ்டர் துள்ளினார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து சபையே கைதட்டியது. முதல் ஆளாக எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டவள் ஃபெலிசியா.