பதினோரு வருஷத்துச் சூப்

உருளைக்கிழங்கு இருந்தது, அதுவரைக்கும் நிச்சயம், டப்பாவைக் கழுவும்போது மூலையில் ஒட்டிய துணுக்கை எத்தனை தடவை நகத்தால் சுரண்டியிருக்கிறேன், ஆனால் வேறென்ன போட்டாள் அந்தச் சூப்பில், வேறென்ன... போனின் அந்தப் பக்கம் அவள் பென்சிலோடு காத்திருக்கிறாள், இந்தப் பக்கம் நான் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி நிற்கிறேன், மேசையில் வீட்டுக்காரரின் சட்டை பாதி தேய்த்தும் பாதி தேய்க்காமலும் கிடக்கிறது. "என்னடி இடது, யோசிக்கிறியா தூங்குறியா?" என்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர், இன்னும் விட்டபாடில்லை. சட்டை கம்பெனியின் செக்கிங் மேசையில் எதிரெதிரே பதினோரு வருஷம் நின்றவர்கள் நாங்கள். சட்டையை நடுவில் விரித்தால் பாக்கெட்டும் பட்டன் நுழைகிற காஜாவும் இருக்கிற இடப்பக்கம் எனக்கு, பட்டன் வரிசை வலப்பக்கம், அது அவளுக்கு, பிசிறு வெட்டி, தையல் பார்த்து, கோணல் இருந்தால் சிவப்புச் சாக்பீஸால் ஒரு கோடு. அதனால் நான் இடது, அவள் வலது. சூப்பர்வைசர்கூட எங்கள் பெயரை மறந்து அப்படித்தான் கூப்பிட்டான். என் பக்கத்து ஓட்டை அவளுக்குத் தெரியாது, அவள் பக்கத்து ஓட்டை எனக்குத் தெரியாது, ஒருத்தியை ஒருத்தி நம்பித்தான் அந்தச் சட்டைகள் எல்லாம் ஊர் ஊராகப் போயின.

இப்போது வலதுக்குத் தலைக்குள்ளேயே ஓட்டை. அப்படி நினைக்கவே நாக்கு கூசுகிறது, ஆனால் அவளே சிரித்துக்கொண்டு அப்படித்தான் சொல்கிறாள். ஐந்து மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தாள், தலையில் ரத்தம் கட்டி, ஆபரேஷன். பிழைத்துக்கொண்டாள், மனிதர்களைத் தெரிகிறது, தெருப் பெயர் தெரிகிறது, சமையல் மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. அடுப்பு முன்னால் நின்றால் யார் வீட்டு அடுப்போ போல இருக்கிறதாம். அது போனால் போகட்டும், ரொட்டி வாங்கித் தின்று காலத்தை ஓட்டலாம், ஆனால் மகள் வருகிறாள். ஆறு வருஷமாகப் பேச்சே இல்லாத மகள். கல்யாண விஷயத்தில் இருவரும் வார்த்தையை விட்டார்கள், அதற்குப் பிறகு யாரும் இறங்கி வரவில்லை. நேற்று அவளே போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறாள், வைக்கும்போது ஒரே ஒரு கேள்வி, அந்தச் சூப் வைப்பியா அம்மா? "வைக்கிறேன்னு சொல்லிட்டேன்டி. அடிபட்டதெல்லாம் அவளுக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டேன். அவகிட்டயே எப்படி வைக்கிறதுன்னு கேட்டா என்ன நினைப்பா? என்னை மறந்த மாதிரி அதையும் மறந்துட்டாளான்னுதானே? நீதான் பதினோரு வருஷம் சாப்பிட்டே, உன் நாக்குக்குத் தெரியாததா?"

என் நாக்குக்கு. என் நாக்கு அதில் ஒரே ஒரு கரண்டி பார்த்தது, முதல் நாள். டப்பா மாற்றிக்கொள்வது யார் யோசனை, அவளுடையதுதான், நாம் சமைத்ததை நாமே தின்றால் அலுப்பாக இருக்கிறது என்றாள், காலையில் மேசைக்கு வந்ததும் என் டப்பா அவளுக்கு, அவள் டப்பா எனக்கு. மேசையைக் காலியாக விடக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம், சட்டைகள் வந்துகொண்டே இருக்கும், அதனால் அவள் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடப் போவாள், நான் பன்னிரண்டரைக்கு. நான் சாப்பிடுவதை அவள் பார்த்ததில்லை. ஒரு கரண்டி வாயில் வைத்தேன், புளிப்பு, எனக்குச் சின்ன வயதிலிருந்தே புளிப்பு ஆகாது, பக்கத்தில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக் அண்ணன் காய்ந்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தார், அவர் பக்கம் நகர்த்திவிட்டேன், அவர் பாதி ரொட்டியை என் பக்கம் நகர்த்தினார். சாயங்காலம் டப்பாவைக் கழுவிக் கொடுத்து, ரொம்ப நல்லா இருந்துச்சு என்றேன். அதோடு நின்றிருக்கலாம், என் வாய் சும்மா இருக்குமா, இப்படி ஒரு சூப் நான் குடிச்சதே இல்லடி என்று பூசி மெழுகினேன், அவள் முகம் மலர்ந்துபோய் வாரம் ஒரு நாள் வைத்ததை இரண்டு நாளாக்கினாள். பிறகு மூன்று நாள். நான் புகழப் புகழ அவள் வைத்தாள், அவள் வைக்க வைக்க மெக்கானிக் அண்ணனுக்குத் தொப்பை போட்டது. அவரையாவது கேட்கலாம் என்றால் அவரும் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

"பட்டன் மூட்டை கிழிஞ்ச நாள் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன், பேச்சை மாற்றத்தான், வேறெதற்கு. அவளுக்கு இருந்தது. படிக்கட்டு முழுக்கப் பட்டன் உருண்டு ஓடியதும், சூப்பர்வைசர் அதில் வழுக்கி உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்களைத் திட்டியதும், நாங்கள் மேசைக்கடியில் ஒளிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் ஒன்று விடாமல் சொன்னாள். நானும் சிரித்தேன், அப்படியே இன்னொன்று, மழையில் பஸ் வராமல் கம்பெனியிலேயே தங்கினோமே, அட்டைப்பெட்டி மேல் படுத்து... அதுவும் அவளுக்கு இருந்தது. அதோடு விட்டாளா? "உன் டப்பா எனக்கு நல்லா ஞாபகம் இருக்குடி. திங்கட்கிழமைன்னா வெண்டைக்காய், அடி கருகியிருக்கும். உன் பையன் ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒரு வாரம் வெறும் ரொட்டியும் சர்க்கரையும். நான் ஒண்ணும் கேக்கலை, அழுதுருவியேன்னு." ஒரு வாரம் அவள் சர்க்கரை ரொட்டி தின்றாள், அந்த வாரமும் எனக்குச் சூப்தான் வந்தது, அந்த வாரமும் நான் அதை நகர்த்திவிட்டேன். அவள் தலையில் அவள் சமையல் இல்லை, என் சமையல் இருக்கிறது, கருகினது முதற்கொண்டு. என் தலையில் என்ன இருக்கிறது? வெட்கமாக இருந்தது, அவள் எதிரில் இல்லையே என்று நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதிதான் கேவலம்.

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில் சொல்லியிருந்தால் ரெண்டு கெட்ட வார்த்தையோடு முடிந்திருக்கும். "எழுதிக்கோ" என்றேன். உருளைக்கிழங்கு நாலு, வேகவைத்து மசித்துக்கோ. வெங்காயம் ஒன்று, பொடியாக. பூண்டு. வாய் கூசாமல் வந்தது, ஒன்று சொன்னால் அடுத்தது தானாக வந்தது, யார் வீட்டுச் சூப்பிலும் இருக்கிற சாமான்கள்தானே. அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதினாள், எழுத்து இப்போது மெதுவாகத்தான் வருகிறதாம். "புளிப்பா இருக்கும்ல?" என்றாள். ஆமாம், அது எனக்குத் தெரியும், அது ஒன்றுதான் தெரியும். "எலுமிச்சம்பழம், அரை மூடி" என்றேன். "எலுமிச்சையா..." என்று பென்சிலை எதிலோ தட்டினாள். "இல்லடி, பால் மாதிரி ஏதோ... வெள்ளையா ஒரு பாத்திரத்தைச் சாய்க்கிற மாதிரி கைக்குத் தோணுது." ஐந்து மாதத்தில் அடுப்படியிலிருந்து அவளுக்குத் திரும்பி வந்த ஒரே ஒரு விஷயம் அது, அப்போது எனக்கு அது உறைக்கவில்லை, பாலில் எலுமிச்சை விழுந்தால் திரிந்துவிடுமே, என் பொய் அம்பலமாகிவிடுமே என்றுதான் ஓடியது. "பால் கிடையவே கிடையாது" என்றேன், அவ்வளவு உறுதியாக. "அப்படியா? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." பால் என்று எழுதியிருப்பாள் போலிருக்கிறது, பென்சிலால் அதை அடிக்கிற சத்தம் கேட்டது. "ஞாயிற்றுக்கிழமை நீயும் வந்துரு. முதல்ல உனக்குத்தான் ஊத்துவேன், நீ சரின்னு சொன்னப்புறம்தான் அவளுக்கு." வருகிறேன் என்றேன். வேறென்ன சொல்வது?

போனை வைத்து, சட்டையின் மீதிப் பாதியைத் தேய்த்து, ஹேங்கரில் மாட்டின பிறகுதான் வந்தது, வெள்ளை, புளிப்பு... தயிர். தயிராகத்தான் இருக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்துத் தயிரை ஊற்றின கை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நான்தான் இல்லை என்று அடித்துவிட்டேன். இல்லை, தயிரும் என் ஊகம்தானே, அதையும் நிச்சயமாகச் சொல்ல நான் யார்? அந்தச் சூப்பின் ருசி தெரிந்தவள் இந்த உலகத்தில் ஒருத்திதான் மிச்சம், அவள் மகள். எனக்குத் தெரியாதுடி, நான் குடிச்சதே இல்லை, உன் மகளையே அடுப்புப் பக்கம் கூப்பிட்டுக் கேளு என்று சொல்லியிருந்தால், அடிபட்டது தெரிந்திருக்கும், மகள் அழுதிருப்பாள், கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு இதைப் போடு அதைப் போடு என்று அதட்டியிருப்பாள், இருவரும் ஒரு அடுப்பு முன்னால் நின்றிருப்பார்கள். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இன்று வியாழக்கிழமைதான். திரும்பப் போன் போட்டேன். ஒரே மணியில் எடுத்தாள், குரலே வேறு மாதிரி, சின்னப் பெண் போல. "ஏய், இப்ப கண்ணை மூடினா நான் எலுமிச்சை பிழியறது அப்படியே தெரியுதுடி! எல்லாம் வருது. மேல் வீட்டு அக்காகிட்ட நாலு பழம் வாங்கிட்டு வரச் சொல்லிட்டேன். நீ மட்டும் இல்லைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்... எதுக்குக் கூப்பிட்டே, ஏதாவது விட்டுப்போச்சா?"

அவள் மனசு நோகக்கூடாது, அவள் மனசு நோகக்கூடாது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது எதற்கு என்று அந்த ஒரு நொடியில் தெரிந்தது, அவள் மனசுக்காக இல்லை, நான் நல்லவள் என்று அவள் நினைக்கிற அந்த நினைப்பை இழக்க எனக்கு மனசில்லை. "ஆமா" என்றேன், "உப்பைக் கடைசியில போடு." "இரு, இரு, எழுதிக்கிறேன்" என்று அவள் எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தாள், எழுதி முடிக்கும்வரை நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.