மிளகியும் மாமியாரின் வாயும்

பண்பொழியில் பெண் எடுத்தது தப்பு என்று ஆவுடையம்மாளுக்குக் கல்யாணத்துக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. தென்காசி வீட்டு வாசலில் வில்வண்டி வந்து நின்றது. மருமகள் முப்பிடாதி சீர்ப்பாத்திரங்களை விட்டுவிட்டு, மடியிலிருந்த ஓலைப்பெட்டியைத்தான் முதலில் பத்திரமாக இறக்கினாள். பெட்டிக்குள் ஒரு பூனை. அதுவும் இரண்டு கண்ணும் பால் படிந்தாற்போல் வெளுத்த குருட்டுப் பூனை. பெயர் மிளகியாம்.

"செங்கோட்டைத் தாலுகா நம்ம பக்கம் சேர்ந்து ரெண்டு வருசம் ஆச்சு. இந்தப் பண்பொழிக்காரங்க புத்தி மட்டும் இன்னும் திருவாங்கூர்லயே கெடக்கு," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள் ஆவுடையம்மாள். "கண்ணுள்ள பூனைக்கே எலி அகப்பட மாட்டேங்கு. இது வீடு வீடா விசாரிச்சுல்லா எலி பிடிக்கணும்!"

முப்பிடாதி முதல் வாரம் மிளகியை அடுக்களையை விட்டு நகரவிடவில்லை. அப்புறம் வாரத்துக்கு ஓர் அறையாகக் காட்டிக்கொடுத்தாள். பால் தட்டு எப்போதும் ஆட்டுரலுக்கு இடப்பக்கம். ஒவ்வொரு வாசற்படிக்கு முன்னாலும் ஒரு சாக்குத் துண்டு. கால் பட்டதும் படி வருகிறதென்று அதற்குத் தெரியும். அந்தச் சாக்கை அளவாக வெட்டி விரித்தது ஆவுடையம்மாளின் மகன் தளவாய்.

"செங்கோட்டை ரயில் ஸ்டேஷன்ல நாலு பேர் இவனுக்கு சலாம் போடுதாங்க. வீட்டுல வந்து பூனைக்குக் கம்பளம் விரிக்கான். வெக்கங்கெட்டவன்!"

ஆவுடையம்மாள் தன் பங்குக்கு மிளகிக்குச் செய்தது ஒன்றுதான். காலை காப்பி முதல் விளக்கணைக்கும்வரை ஏசினாள். "ஏ சவத்து மூதி, அந்தத் தூணு ஒன்னிய என்ன செஞ்சுது? போய் முட்டுத?" "இங்கன வந்து எதுக்கு என் காலை மோந்து பாக்குத?" அவள் உரலருகே உட்கார்ந்து ஏசினால் பூனை உரலுக்கு வரும். கிணற்றடியில் நின்று ஏசினால் கிணற்றடிக்கு வரும். சூடு சொரணை இல்லாத சென்மம் என்று அதற்கும் ஏசினாள்.

ஆடி பிறக்கப் போனது. புதுப்பெண்ணை அழைத்துப்போக அண்ணன்காரன் வந்தான். முப்பிடாதி பூனையை எடுத்துக்கொள்ளவில்லை.

"இப்பந்தான் இந்த வீடு அதுக்குப் பழகியிருக்கு, அத்தை. கொண்டுபோனா எல்லாம் மறந்துரும். சத்தத்தை வச்சுத்தான் அது தடம் பிடிக்கும். அப்பப்ப ரெண்டு வார்த்தை பேசுங்க, போதும்."

"பூனைகூடப் பேச எனக்கென்ன கிறுக்கா?" ஆவுடையம்மாள் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "நீ திரும்பி வாறதுக்குள்ள இதைப் பாவூர்சத்திரத்துக் காய்கறி லாரியில ஏத்திவிடலைன்னா எம் பேரு ஆவுடை இல்ல!"

தெரு சிரித்தது. முப்பிடாதி சிரிக்கவில்லை. "ஆவணியில நான் வாறப்போ மிளகி இங்கன இருக்கணும், அத்தை. இல்லைன்னா வந்த வண்டியிலயே திரும்பிருவேன்," என்றாள் மெதுவாக.

குற்றாலத்தில் சாரல் பிடித்ததும் மதுரையிலிருந்து ஆவுடையம்மாளின் நாத்தனார் கோமதியம்மாள் மெத்தைச் சுருட்டோடு வந்து இறங்கினாள். தாசில்தார் பெண்டாட்டி. "தென்காசிக்காரி வாயும் ஐந்தருவியும் ஒண்ணு, ரெண்டும் ஓயாது," என்று கல்யாணப் பந்தலில் வைத்தே கேலி பேசியவள். அவள் போகும்வரை குரலை உயர்த்துவதில்லை என்று ஆவுடையம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். காப்பி வேண்டுமா என்பதைக்கூடக் காதோடு கேட்டாள்.

முதல் நாள் மிளகி பெஞ்சுக் காலில் முட்டியது. இரண்டாம் நாள் வழி தெரியாமல் சுற்றி, மதுரை மெத்தையை நனைத்தது. மூன்றாம் நாள் மத்தியானம் காணவில்லை.

நாத்தனார் அருவிக்குப் போயிருந்தாள். தளவாய் வேலைக்குப் போயிருந்தான். ஆவுடையம்மாள் பரண், விறகுக் கொட்டில் எல்லாம் பார்த்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.

"சொன்னாப்ல லாரியில ஏத்திட்டீங்களாக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

தெருவே இதைத்தான் கேட்கும். மருமகளும் இதைத்தான் நம்புவாள். வந்த வண்டியிலேயே போய்விடுவாள்.

தூறலில் நனைந்துகொண்டே, மருமகளைப் போலக் குரலைக் குழைத்து, "மிளகி... மிளகி..." என்று கால்வாய்க்கரைவரை கூப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்தது.

"ஏ சவத்து மூதி! குருட்டுப் பீடை! ஒன்னால எங் குடும்பமே நாறப்போவுதுட்டி! எங்கன போய்த் தொலைஞ்ச?"

அவிழ்த்துவிட்ட மாட்டுவண்டிக்கு அடியிலிருந்து ஒரு "மியாவ்" வந்தது. பின்னாலேயே வாலை நிமிர்த்திக்கொண்டு மிளகி வந்தது.

அதைத் தூக்குவதா? சேறும் சகதியுமாக இருந்த அந்தச் சனியனை அவள் விரலாலும் தொடமாட்டாள். ஏசிக்கொண்டே முன்னால் நடந்தாள். பூனை பின்னால் வந்தது. மூச்சு வாங்க ஏச்சை நிறுத்தினால் அதுவும் நின்றது. ஆகவே நிறுத்த முடியவில்லை. பூனையை ஏசி முடித்தாள். பண்பொழியை ஏசினாள். சாக்கு விரித்த மகனை ஏசினாள். தெருமுனைக்கு வரும்போது ஏசுவதற்கு ஆள் தீர்ந்துபோனது. மிச்சம் இருந்தது ஒருத்திதான்.

"மூணு நாளா அரைப்படி எண்ணெய் தேய்ச்சு அருவியையே பிசுக்காக்கினவ! காப்பிக்குக் கள்ளிச்சொட்டாட்டம் கெட்டிப் பால் கேக்கா! தாசில்தார் பெண்டாட்டின்னா மேலருந்து குதிச்சாளோ?"

ஈரத்தலையோடு வாசலில் கோமதியம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆவுடை, யாரைச் சொல்ற?"

"பூனையைத்தான் மதினி," என்றாள் ஆவுடையம்மாள், குரலைத் துளியும் இறக்காமல். "சாக்கு மேல நிக்காதீங்க. அதுக்குத் தடம் தப்பும்."

கோமதியம்மாள் சாக்கை விட்டு ஒதுங்கினாள். மிளகி சாக்கை மிதித்து, படி தாண்டி, நேரே ஆட்டுரலுக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தது.

"பாலுக்கு மட்டும் வழி தெரியுது பாரு, மூதிக்கு," என்றபடி ஆவுடையம்மாள் தட்டை நிரப்பினாள்.