சிவந்த வாயோடு

நனைத்த பஞ்சோடு வந்த கையை அவள் பிடித்து நிறுத்தினாள்.

“அப்பா வாயைத் தொடாதீங்க.”

உடம்பைத் துடைத்துவிட வந்த நர்ஸ் திகைத்துப்போனாள். “உதடு, பல்லெல்லாம் செவப்பா இருக்குக்கா. பாக்கறவங்க ரத்தம்னு நெனப்பாங்க.”

“நெனச்சுக்கட்டும். அது பீட்ரூட் சாறு. அவரே குடிச்சது.”

அப்பா காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். பாதி குடித்த டம்ளர் இன்னும் ஜன்னலோரம் இருந்தது. அலமாரியிலிருந்து எடுத்துப் பஞ்சை நனைத்த நீல மருந்து, மகளான அவளே தான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வாய் கொப்பளிக்கக் கொண்டுவந்தது. அந்தப் பாட்டிலைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர்களை மேலும் கீழும் அனுப்பியவர். நுரையீரல் இறுகிப்போன பிறகு நாலாவது மாடி வீட்டோடு முடங்கிவிட்டார். போதாக்குறைக்குக் கட்டடத்தின் லிஃப்டும் ஏழு மாதமாகப் படுத்துவிட்டது. புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் அறிவிப்பு ஒட்டினார்.

“மோட்டாருக்குக் கரண்ட் விடற ரிலே ஒண்ணு போயிருக்கு, அவ்வளவுதான்” என்றார் அப்பா. “மேல மோட்டார் ரூமுக்கு நான் போனா அரை மணி நேர வேலை.”

மொட்டை மாடிக்கு இருபத்திரண்டு படி. ஏழாவது படியிலேயே உதடு நீலம் பாய்ந்துவிடும்.

அறிவியல் டீச்சரான அத்தைதான் பீட்ரூட்டோடு வந்தாள். “இது உள்ள போய் நைட்ரைட்டா மாறும்ணே. ரத்தத்துல எங்க ஆக்சிஜன் கொறையுதோ, அங்கதான் அது நைட்ரிக் ஆக்ஸைடா மாறிக் குழாயை விரிச்சுவிடும். மூச்சு தாராளமா இருக்கற எடத்தை அவ்வளவா கண்டுக்காது.”

“அட, நம்ம தொழில்தான்! மாட்டிக்கிட்டவனுக்குக் கதவைத் தெறந்துவிடறது.”

நோய் இதனால் குணமாகாது, சிலருக்குக் கொஞ்ச தூரம் கூட நடக்க வருகிறது, குடித்துப் பாருங்கள் என்றார் டாக்டர். அவள் தினமும் இரண்டு வேளை பிழிந்து கொடுத்தாள். சிவந்த பல்லைப் பார்க்கச் சகிக்காமல், கையோடு நீல மருந்தை ஊற்றிக் கொப்பளிக்கவும் வைத்தாள். இரண்டு வாரம் ஆயிற்று. அதே ஏழாவது படிதான்.

ஒரு நாள் அத்தை அதைப் பார்த்துவிட்டாள். “அடிப்பாவி! நாக்குல இருக்கற கிருமிதான் அந்தச் சாறை நைட்ரைட்டா மாத்துது. ஒரு கையால ஊத்திட்டு இன்னொரு கையால அதைக் கொன்னுக்கிட்டு இருக்கியேடி!”

அவள் கையிலிருந்த பாட்டிலையே பார்த்தாள். இரண்டு வாரம். அப்பாவிடம் மிச்சமிருந்ததே அப்படிச் சில வாரங்கள்தான்.

அப்பா இருமல் வருகிறவரை சிரித்தார். “எம் பொண்ணுக்கு நான் சுத்தமான வாயோட சாகணும். விடு கண்ணு. இனிமே அழுக்கு வாய்தான், என்ன பண்ணிடுவாங்க?”

பாட்டில் அலமாரிக்குள் போயிற்று. எட்டே நாளில் பதினோரு படி. அப்புறம் பதினைந்து. நேற்று இருபத்திரண்டு. சாறா, பிடிவாதமா, யார் கண்டது? பின்னாலேயே ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏறிய அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்பா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ரிலேயை மாற்றினார். லிஃப்ட் உறுமிக்கொண்டு உயிர் பெற்றது. கீழே வரை ஒரு முறை போய் வந்தார்கள். மூன்றாவது மாடியைத் தாண்டியதும் ஒரு குலுக்கல்.

“பிரேக்கைச் சரி பண்ணணும்” என்றார். “நாளைக்குப் பாத்துக்கலாம்.”

இப்போது வாசலில் செயலாளர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். “லிஃப்ட்ல வேணாம்மா. குடியிருக்கறவங்க சங்கடப்படுவாங்க. நாலு பேர் பிடிச்சாப் படி வழியா எறக்கிடலாம்.”

“ஏழு மாசமா மூச்சு முட்டிக்கிட்டு உள்ளேயே கெடந்தார். அப்ப யாரும் சங்கடப்படலையே சார்.”

“அதுக்கில்லம்மா… உள்ள படுக்க வைக்கக்கூட எடம் பத்தாது.”

“உக்காந்தே வருவார். படியில அவர் பட்டது போதும். அவர் ஓட்டிவிட்ட லிஃப்ட்லதான் எறங்குவார். வழி விடுங்க.”

செயலாளர் ஒதுங்கிக்கொண்டார்.

நாற்காலியோடு அப்பாவை உள்ளே தள்ளினார்கள். அவளுக்கும் அத்தைக்கும்தான் இடம் இருந்தது. எதிர்க் கண்ணாடியில் சிவந்த உதடு தெரிந்தது. அத்தையின் கை பழக்கத்தில் கைக்குட்டையை எடுத்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தை அதைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டாள்.

கதவு மூடியது. மூன்றாவது மாடியின் விளக்கு எரிந்து அணைந்ததும், குலுக்கல் வருவதற்குள், அவள் அப்பாவின் பிடரிக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.