மொய்ரா கேட்ட கையெழுத்து

ஆல்பன் த்வெயிட் வீரர் அல்ல. சண்டை என்றால் தேநீர்க் கோப்பையோடு அடுத்த அறைக்கு நழுவிவிடுகிற ரகம். யார்க்‌ஷையரில் ஹார்க்பி போன்ற ஒரு ஊரில் இத்தனை வருஷம் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் பாதிரியாராக ஓட்டிவிட்டார். அந்தச் சாதனை டிசம்பர் முதல் வாரத்தில் முடிவுக்கு வந்தது.

தேவாலயத்தை ஒட்டிய ஆரம்பப் பள்ளி தேவாலயத்துக்கே சொந்தம். நல்ல பள்ளி. அங்கே பிள்ளைக்கு இடம் வேண்டுமென்றால், பெற்றோர் இரண்டு வருஷமாவது ஒழுங்காக ஞாயிறு ஆராதனைக்கு வந்திருக்க வேண்டும். வந்தார்கள் என்று பாதிரியார் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் ஹார்க்பியில் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் திடீரென்று பக்தி பொங்கும். பிள்ளை பள்ளியில் சேர்ந்த மறுவாரம் அடங்கிவிடும். இது ஆல்பனுக்கும் தெரியும், பிஷப்புக்கும் தெரியும்.

அந்தப் படிவத்தைத்தான் மொய்ரா சக்டன் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மொய்ரா ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். சுற்றுவட்டாரத்தில் அப்படி வாசிக்க வேறு ஆள் கிடையாது. படிவம் அவருடைய தம்பி கீத்தின் மகனுக்கு.

"கீத் ஆராதனைக்கு வந்து நான் பாத்ததே இல்லையே, மொய்ரா."

"போன கிறிஸ்துமஸுக்கு வந்தானே."

"வாசல் வரைக்கும் வந்தாரு. சிகரெட் பிடிக்கப் போனவரு திரும்பல."

"ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் இருக்கு. அவன் கோல்கீப்பர், விட்டுட்டு வர முடியுமா? நான் இருபது வருஷமா ஒரு ஞாயிறு விடாம வாசிக்கிறேன். அதுல பாதிய அவன் கணக்குல எழுதுங்க. ஒரு கையெழுத்துதானே கேக்கிறேன், உங்க கிட்னியையா கேட்டேன்?"

உண்மையைச் சொன்னால், ஆல்பன் போட்டுவிடத்தான் நினைத்தார். பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டார். யார் வந்து எண்ணப் போகிறார்கள்? அப்போதுதான் மேசையில் கையெழுத்தாகிக் கிடந்த வேறொரு படிவம் மொய்ராவின் கண்ணில் பட்டது.

"டாம்சின் ஹோல்ராய்டுக்குப் போட்டிருக்கீங்க! கடவுளே கிடையாதுன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறவ. நீங்க பிரசங்கம் பண்ணும்போது பின்வரிசையில குறுக்கெழுத்துப் போட்டி நெரப்புறா!"

"ஆமா. போன வாரம் ஒரு கட்டத்துக்கு என்கிட்டயே விடை கேட்டாங்க."

"வெக்கமா இல்லை?"

"ஆனா வந்தாங்களே, மொய்ரா. மழையில வந்தாங்க, பனியில வந்தாங்க, புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வந்தாங்க. நம்பிக்கை இருக்கான்னு இந்தப் படிவம் கேக்கல. வந்தாங்களான்னுதான் கேக்குது."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இருப்பதோ ஒரே ஒரு வகுப்பு, இடமும் கொஞ்சம்தான். கீத்தின் மகன் உள்ளே வந்தால், நனைந்துகொண்டு வந்த யாரோ ஒருத்தரின் பிள்ளை வெளியே போகும். பேனாவை மூடினார்.

"முடியாது."

"அப்ப கரோல் ஆராதனைக்கு நீங்களே வாசிச்சுக்கங்க."

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

ஊரே கூடிக் கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாடுகிற அந்தக் கரோல் ஆராதனைதான் வருஷத்தில் ஆலயம் நிறைகிற ஒரே மாலை. மொய்ரா சொன்னபடியே வரவில்லை; அதே மாலை தெருவுக்கு எதிர்ப்பக்கம் மெதடிஸ்ட் சபையாரின் ஆலயத்து ஆர்கனில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆல்பன் முதல் பாட்டைத் தானே எடுத்தார். அவர் எடுத்த சுருதிக்கு மூன்றாம் வரியை எட்டிப் பிடித்தது ஒரே ஒரு சிறுமி. ஆண்கள் பாதி வழியிலேயே இறங்கிவிட்டார்கள். டாம்சின்தான் எழுந்துபோய்ப் பெரிய கதவைத் திறந்துவிட்டாள். எதிரிலிருந்து மொய்ராவின் வாசிப்பு கணீரென்று உள்ளே வந்தது.

"குளிருதும்மா, சாத்து!" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர்.

"கோட்டை மாட்டிக்கிட்டுப் பேசாம இருங்க. அவங்க எதை வாசிக்கிறாங்களோ அதையே நாமளும் பாடுவோம்."

பாடினார்கள். அச்சடித்து வைத்த வரிசை தலைகீழானது. ஒரு பாட்டு ஆல்பனுக்கே தெரியாது.

ஜனவரியில் மொய்ரா வந்தார். உட்காரவில்லை.

"ரெண்டாவது பாட்டுல என்னைவிட அரை வரி பின்னாடி இழுத்துக்கிட்டு வந்தீங்க."

"கேட்டுச்சா?"

"தெருவுக்கே கேட்டுச்சு."

"கீத் மகனுக்கு என்ன செஞ்சீங்க?"

"அரசுப் பள்ளிக்கு எழுதிப் போட்டாச்சு. கீத் என்னைத்தான் திட்டுனான். நான் போனதே இல்லையே, நீ எதுக்குப் போய்க் கேட்டேங்கிறான்." மொய்ரா கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மெதடிஸ்டுங்க என்னை நிரந்தரமா வச்சுக்கலாமான்னு பாக்குறாங்க. யார்கிட்ட விசாரிக்கலாம்னு கேட்டாங்க. உங்க பேரைக் குடுத்திருக்கேன்."

"என் பேரையா?"

"வேற யார் பேரைக் குடுக்க? இந்த ஊர்ல எல்லாரும் எல்லாரையும் தங்கம்னுதான் எழுதுவாங்க. எவன் நம்புறான்? நீங்க எழுதுனா நம்புவாங்க. கீத் கதைதான் ஊருக்கே தெரியுமே."

"என்ன எழுதணும்?"

"அதை நான் சொல்லக் கூடாதுன்னுதானே அன்னிக்குப் பாடம் நடத்துனீங்க?"

மொய்ரா போன பிறகு ஆல்பன் காகிதத்தை எடுத்தார். கோபக்காரர், கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில் விட்டுப் போனார் என்று எழுதினார். உண்மைதான். அதோடு நிறுத்தினால் மெதடிஸ்டுகள் மிரண்டுவிடுவார்கள், மொய்ரா வேறு வழியில்லாமல் இங்கே திரும்பிவிடுவார். ஒரு பொய்கூடச் சொல்லாமல் பொய் சொல்ல எவ்வளவு அருமையான வழி! ஆல்பன் அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறிப்போனது.

பிறகு மீதியையும் எழுதினார். சண்டையில் தன் பங்கு என்ன, இருபது வருஷத்தில் மொய்ரா ஒரு ஞாயிறு தவறியதில்லை, அவரைவிட நன்றாக யாரும் ஆர்கன் வாசித்து இந்த வட்டாரத்தில் தான் கேட்டதில்லை, எல்லாம். மனசு மாறுவதற்குள் தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

வந்த கையோடு ஆர்கன் வாசிக்க ஆள் தேவை என்று விளம்பரம் எழுத உட்கார்ந்தார். சம்பளம் குறைவு, ஆலயம் குளிரும், சபை இனிமையானது என்று எழுதினார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கடைசி இரண்டு வார்த்தைகளையும் அடித்துவிட்டார்.