ஆறுக்கு இரண்டரை

கடைக்காரர் தலையணையை என் கையில்தான் கொடுத்தார். "அமுக்கிப் பாரு பாப்பா, எவ்வளவு மெத்துமெத்துன்னு இருக்குன்னு," என்றார். விடுதிக்கு மெத்தை வேண்டும் என்று நாங்கள் சொன்னதுமே யார் போகிறார்கள் என்பதை அவரே முடிவு செய்துவிட்டார். இருபத்திரண்டு வயதுப் பெண்ணும், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் அவள் அம்மாவும் வந்து நின்றால் யார்தான் வேறென்ன நினைப்பார்கள்? நான் தலையணையை அப்படியே அம்மாவிடம் நீட்டினேன். அம்மா வாங்கவில்லை. சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையில் ஆயா. எலும்பு முறிவு வார்டு. கட்டுப் போட்டுக் கிடப்பவர்களைப் புரட்டிப் படுக்கவைப்பது, அடியில் விரிப்பு மாற்றுவது, பெட்பேன் வைத்து எடுப்பது என்று பத்தொன்பது வருஷம் இடுப்பொடிய நின்றிருக்கிறாள். வலியில் கிடப்பவர்களுக்கு வருகிறவர்களெல்லாம் சிஸ்டர்தான். "நான் சிஸ்டர் இல்லம்மா, ஆயாதான்," என்று அம்மா ஒவ்வொருவரிடமும் திருத்திச் சொல்வாள். அது அவளுடைய கண்டிப்பு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷம் என் உயிரியல் புத்தகம் அடிக்கடி காணாமல் போகும். தேடினால் சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கும், எலும்புகளின் படம் உள்ள பக்கத்தில் ஒரு தீக்குச்சி வைத்து. இரண்டு வருஷம் கழித்து அவளே தனித்தேர்வராக அந்தத் தேர்வை எழுதினாள். உயிரியலில் என்னைவிடப் பதினோரு மதிப்பெண் அதிகம். அப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறார். அந்த மதிப்பெண் பட்டியலைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் வண்டி ஓட்டியிருக்கிறார். வீட்டில் மூச்சுவிடவில்லை, கண்டக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

மருத்துவமனை ஊழியர்களுக்கென்று செவிலியர் படிப்பில் நான்கு இடங்கள் ஒதுக்கினார்கள். அதில் ஒன்று அம்மாவுக்குக் கிடைத்தது. மூன்று வருஷம், விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். வந்த கடிதத்தில் கட்டிலின் அளவு போட்டிருந்தது. ஆறடிக்கு இரண்டரை அடி, இரும்புக் கட்டில். மெத்தை, தலையணை, விரிப்பு, போர்வை ஆகியவற்றை மாணவியே கொண்டுவர வேண்டும். 'மாணவி' என்ற சொல்மேல் விரலை வைத்துக்கொண்டே அம்மா மிச்சத்தைப் படித்தாள். அதன்பிறகு ஒரு வாரம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான்தான் பிடித்து உலுக்கினேன்.

"சின்னப் பசங்க நடுவுல போய் நிக்கணுமேடி. அவங்க அம்மாங்களுக்கே என்னைவிட வயசு கம்மியா இருக்கும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிரவேயில்லை. "பஸ்ல ஏறுறவங்ககிட்ட வயசு கேட்டா ஏத்துறேன்? உன்கிட்ட டிக்கெட் இருக்கு. ஏறு, உக்காரு," என்றார்.

ஏறுவதென்று முடிவானது. ஆனால் புது மெத்தை வேண்டாமாம். வீட்டில் இருக்கும் பழையதைக் கொண்டுபோகிறாளாம். பஞ்சு இரண்டு ஓரத்துக்கும் ஒதுங்கி, நடுவில் வெறும் துணி மட்டும் மிஞ்சிய மெத்தை அது. "மூணு வருஷந்தானே, கண்ணை மூடித் திறந்தா போயிடும்." நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலைக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று அவளை இழுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

எனக்குத்தான் மெத்தை என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டதில் அம்மாவுக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. கைப்பையை என் தோளில் மாட்டிவிட்டு வேலையில் இறங்கினாள். முதலில் காட்டிய மெத்தையில் முஷ்டியை வைத்து அழுத்தி எடுத்தாள். பள்ளம் மெதுவாக நிரம்புவதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "ஆறு மாசத்துல குழி விழுந்துடும்." இன்னொன்றை விரல் நுனியில் கிள்ளிப் பார்த்தாள். "ரெண்டு இஞ்ச் காட்டாதீங்க. இரும்புக் கட்டில், குறுக்குக் கம்பியெல்லாம் முதுகுல தெரியும்." விரிப்பு வந்தது. ஒரு மூலையை உள்ளங்கையில் கசக்கிப் பிரித்தாள். "சுருக்கமே விழல பாருங்க. பாதி நைலான். வேர்வையை இழுக்காது. நாலு நாள் படுத்தா முதுகெல்லாம் வேர்க்குரு." கடைக்காரர் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"அக்கா, நீங்க எந்தக் கடையில இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரில."

அதற்குமேல் அவர் 'மெத்துமெத்து' கதையெல்லாம் விடவில்லை. உள்ளே போய் ஒரு மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அடியில் தேங்காய் நார், மேலே ஒரு விரற்கடைக்கு நுரை, மொத்தம் நாலு இஞ்ச். கேட்கிற அளவுக்கு வெட்டி, ஓரம் தைத்துக் கொடுப்பார்களாம். அம்மா அதை அழுத்தினாள், தட்டினாள், விளிம்பில் உட்கார்ந்து எழுந்தாள். "இது மெத்தை," என்றாள்.

"அப்ப பாப்பா, படுத்துப் பாரு. யாரு படுக்கப்போறாங்களோ அவங்கதான் படுத்துப் பாக்கணும்."

எனக்கு அதற்குமேல் வாயை அடக்க முடியவில்லை. "எனக்கில்லிங்க. எங்கம்மாவுக்கு. நர்சிங் காலேஜ்ல சேர்ந்திருக்காங்க." கடை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். தலையணை உறை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள்.

அம்மாவின் முகம் சிவந்தது. சட்டென்று என் தோளிலிருந்து கைப்பையைப் பிடுங்கிக்கொண்டாள். "அந்த ரெண்டு இஞ்சே போதும். அதைக் கட்டிக் குடுங்க."

"இப்பதான் கம்பி குத்தும்னு சொன்ன!"

"அது உனக்குன்னு நெனச்சு பாத்தது. எனக்கென்ன, நான் வார்டு பெஞ்சுல உக்காந்துட்டே தூங்கறவ."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கோபப்பட்டால் அவள் அசையமாட்டாள் என்பதும் தெரியும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். குரலை இறக்கி, அவள் வார்டில் பேசுகிற மாதிரியே பேசினேன்.

"சரி. ஒரு பேஷண்ட். பொம்பள, நாப்பத்துநாலு வயசு. பத்தொம்பது வருஷமா நின்னுட்டே வேலை, அடுத்தவங்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு. காலையில எழுந்திரிக்கும்போது சுவத்தைப் புடிச்சுட்டுத்தான் எழுந்திரிக்கிறாங்க. இனி மூணு வருஷம் ஒரே கட்டில்ல படுக்கணும். எந்த மெத்தை போடுவ?"

"நார் மெத்தைதான். அடியில கெட்டியா இல்லன்னா இடுப்பு எலும்பு..." என்று வாயெடுத்தவள் பாதியில் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். சுவரைப் பிடிப்பதை நான் கவனித்திருக்கிறேன் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். மெத்தையில் உட்கார்ந்து, கையை ஊன்றி, பாதி உடம்பைச் சாய்த்து, அப்புறம் முழுசாக மல்லாந்து படுத்தாள். அம்மா பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. காய்ச்சலில்கூட நாற்காலியில்தான் சாய்ந்திருப்பாள். கூரையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள், இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைக்கப் பார்த்தாள்.

"கை போகல," என்றாள். "இங்க பாரு, கை போகல. முதுகு முழுசா ஒக்காருது." புது வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதைக் காட்டுகிற குரல்.

கடைக்காரர் அளவு நாடாவோடு குனிந்தவர் நிமிராமலே கேட்டார். "அக்கா, பன்னெண்டாவது தனியா எழுதணும்னா, அதுக்கு எங்க எழுதிப் போடணும்? எத்தனை வயசு வரைக்கும் எடுத்துக்கறாங்க?" யாருக்கென்று அவர் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. படுத்தபடியே முழு விவரமும் சொன்னாள். அவர் பென்சிலை எடுத்து ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

சேர்கிற நாளன்று அப்பாவும் வந்தார். விடுதியில் ஆண்களுக்கு மாடியில் அனுமதியில்லை என்று கீழே பெஞ்சில் மற்ற அப்பாக்களோடு உட்கார வைத்துவிட்டார்கள். சுருட்டிக் கட்டிய மெத்தையின் ஒரு முனையை நானும் மறுமுனையை அம்மாவும் பிடித்துக்கொண்டு படியேறினோம். "ஆன்ட்டி, விடுங்க, நான் புடிக்கிறேன்," என்று ஒரு பெண் ஓடிவந்தாள். அம்மா முனையைக் கொடுக்கவில்லை. "நம்ம சாமானை நாமதாம்மா தூக்கணும். லெட்டர்ல போட்டிருக்கு," என்றாள்.

அறையில் இன்னொரு கட்டிலருகே பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் கொண்டுவந்த மெத்தை கட்டிலைவிட அகலம். ஒரு பக்கம் தொங்கி, அவளோடு சேர்ந்து அதுவும் அழுகிற மாதிரி இருந்தது. அவள் அம்மா என்னைப் பார்த்து, "நீதான் இவளுக்கு ரூம்மேட்டா? கொஞ்சம் பாத்துக்கோம்மா," என்றார். "நான் இல்லைங்க ஆன்ட்டி, இவங்க," என்றேன். அவர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் வந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அப்பாடா! இனிமே நான் நிம்மதியா தூங்குவேன்."

அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு, "நான் உங்கள எப்படிக் கூப்பிடறது?" என்று கேட்டாள். அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஒரே வகுப்புதானே. அக்கான்னு கூப்பிடு."

"அப்ப நீ எனக்குச் சித்தி," என்றேன் நான். தன்னைவிட நாலு வயது மூத்த மகளைப் பார்த்து அவள் திருதிருவென்று விழித்தாள். பிறகு சிரித்தாள். அவள் அம்மாவும் சிரித்தார். எங்கம்மா அந்தச் சத்தத்தினூடே மெத்தையைக் கட்டிலில் போட்டாள். பிசகில்லாமல் பொருந்தியது. விரிப்பை உதறி, நாலு மூலையும் வார்டில் மடிக்கிற மடிப்பு மடித்து, உள்ளங்கையால் ஒருதரம் நீவினாள். இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கில் விரித்திருப்பாள். விரித்துவிட்டு நகர்ந்து போகாமல் அதிலேயே உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். கிளம்பும்போது என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. "சாப்பிடு. அப்பாவைப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசலில் காவலாளி பதிவேட்டை நீட்டினார். மாணவியின் பெயர், அறை எண், வந்தவர் பெயர், உறவு. உறவுக் கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை அம்மா, அப்பா, அப்பா, அம்மா, தாய்மாமா, அப்பா. நான் 'மகள்' என்று எழுதினேன்.

காவலாளி தலையை ஆட்டினார். "அந்தப் பொண்ணுக்கு நீ என்ன வேணும்னு எழுதணும்மா. மாத்தி எழுதிட்ட."

"மாத்தலிங்க. சரியாத்தான் எழுதியிருக்கேன்."

அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா முன்னால் வந்து என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். குனிந்து, என் வரிக்குக் கீழே அம்மாவின் பெயரை நிறுத்தி எழுதினார். உறவுக் கட்டம் அவருக்குப் போதவில்லை. 'கணவர்' என்ற நாலு எழுத்தும் கோட்டைத் தாண்டி ஓரம்வரை போயின. அவர் அழுத்திய அழுத்தில் அடுத்த வெள்ளைப் பக்கத்திலும் அந்தச் சொல் பதிந்திருந்தது.