பேட்டரியைக் கழற்றாமல் ஒரு கதை

1.

இந்தக் கதை ஒரு ப்ளக் பாயின்டில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நானே எங்காவது மேடையேறி, இது மனித மனத்தின் ஆழங்களிலிருந்து வந்தது என்று அளந்தால் நம்பாதீர்கள். என் அக்கா வீட்டுக் கார் ஷெட்டின் சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரே ஒரு ப்ளக் பாயின்ட் இருக்கிறது. அதில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செருக முடியும். ஒன்று என் லேப்டாப், இல்லாவிட்டால் அக்காவின் கார் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி.

லேப்டாப்புக்கென்று சொந்தமாக ஒரு பேட்டரி இருக்குமே என்பீர்கள். இருந்தது. போன வருடமே அது உயிரை விட்டுவிட்டது. ஒயரைப் பிடுங்கிய நொடியே திரை இருண்டுவிடும். பேட்டரிப் பராமரிப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தவனின் லட்சணம் இது. நல்லவேளையாக, எழுத எழுத அதுவே சேமித்துக்கொள்ளும். ஆகவே கீழே ஏதாவது வாக்கியம் பாதியில் தொங்கினால், புதுமையான உத்தி என்று பாராட்டிவிடாதீர்கள். அக்கா ஷெட்டுக்குள் வந்துவிட்டாள் என்று பொருள்.*

* வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதலாமே என்றால், முடியாது. அக்கா பல் செட் செய்பவள். வீட்டிலும் ஒரு மேசை போட்டுப் பல்லை ராவிக்கொண்டே இருப்பாள். அந்தச் சத்தத்தில் என் கதாபாத்திரங்கள் எல்லோருக்கும் பல் கூசுகிறது.

2.

முதல் தொடக்கம்: "விடியலின் சாம்பல் ஒளியில், யாரும் தேடாத ஒரு பெரிய விலங்கைப் போல அந்தக் கார் படுத்துக் கிட

(அக்கா வந்தாள். "எந்திரி, பேட்டரிக்குப் போடணும்" என்றாள்.)

இரண்டாம் தொடக்கம்: "பேட்டரி என்பதுதான் என்ன? ஒரு வகையில் அது காத்திருத்தலின் வேதியியல் என்று சொன்னால்

(இந்த முறை கேட்கக்கூட இல்லை. அவள் செய்தது சரி என்றே இப்போது படுகிறது.)

மூன்றாம் தொடக்கம், அலங்காரம் இல்லாமல்: அத்தான் கப்பலில் வேலை பார்க்கிறார். அவர் கிளம்பிப் போன பிறகு இந்தக் கார் ஷெட்டை விட்டு நகரவில்லை. அக்காவுக்கு, நகரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய மருத்துவமனையின் பல் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை காலை போய்ச் சேர வேண்டும். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. லைசென்ஸ் வாங்கிவிட்டாள். கார் கிளம்பினால் புது வேலை. கிளம்பாவிட்டால், அவள் செய்யும் பல்லையெல்லாம் தன் கைவேலை என்று சொல்லிக்கொள்ளும் பழைய முதலாளியிடமே இன்னும் எத்தனை வருடமோ. கதை இவ்வளவுதான். இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.

3.

பேட்டரியைக் காரிலிருந்து கழற்றி உள்ளே கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றலாம். போனில் அத்தான் அப்படித்தான் சொன்னார், கப்பலையே ஓட்டுகிறவர் மாதிரி. (அவர் அங்கே சமையல்கட்டைப் பார்த்துக்கொள்கிறார்.) அக்கா மறுத்துவிட்டாள். பேட்டரியைப் பிடித்திருக்கும் போல்ட் துருவேறிக் கல்லாகக் கிடக்கிறது என்பது ஒரு காரணம். பேட்டரியைக் கழற்றினால் ரேடியோ பூட்டிக்கொண்டு ரகசிய எண் கேட்கும், அந்த எண் அத்தானுக்கு மறந்துபோய்விட்டது என்பது இன்னொன்று. பாட்டில்லாமல் தன்னால் வண்டி ஓட்ட முடியாது என்று அக்கா தீர்மானமாகச் சொன்னாள். இந்த வண்டியை இன்னும் ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்காதவள் இதைச் சொன்னாள்.

ஆகவே இருந்த இடத்திலேயே வைத்தியம். பல் ராவும்போது போடுகிற கண்ணாடியையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தாள். பேட்டரியின் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொரிந்து கிடந்தது. "ஈறு கெட்டுப்போச்சு" என்றாள். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தாள், மேலே, கீழே, பின்பக்கம், மேலிருந்து கீழாக. கொஞ்சம் விட்டிருந்தால் வாய் கொப்பளிக்கச் சொல்லியிருப்பாள். மூடிகளைத் திறந்து, உள்ளே தகடுகள் மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினாள்.

பிறகு ஒயர்கள். சாவி ஆஃபில் இருக்க வேண்டும். சிவப்பு, பேட்டரியின் கூட்டல் முனையில். கறுப்பு, பேட்டரியில் அல்ல, தள்ளி எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஓர் இரும்பில். பேட்டரிக்கு மேலே வாயு நிற்கும், பொறி பறந்தால் வம்பு. ஷெட் ஜன்னல் இரண்டும் திறந்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகே சுவரில் ப்ளக். கழற்றும்போது தலைகீழ்: சுவர், கறுப்பு, சிவப்பு.

 இந்த வரிசையைக் கதைக்கும் பொருத்திப் பார்த்தேன். கடைசியில்தான் மின்சாரம் வர வேண்டும். நான் எப்போதும் முதல் வரியிலேயே ப்ளக்கைச் செருகிவிடுகிறேன்.

4.

சிக்கல் என்னவென்றால், சாயங்காலம் சார்ஜர் பச்சை விளக்கு காட்டும். காலையில் சாவியைத் திருகினால் "டிக்" என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் விட்டுவிடலாம். வாரம் முழுக்க இதே கதை.

கதாசிரியன் என்ற முறையில் நான் பேய் வைத்துப் பார்த்தேன். மின்சாரம் குடிக்கும் பேய். மூன்று பக்கம் எழுதினேன், நன்றாகத்தான் வந்தது, ஆனால் கடைசியில் என்னைப் போலவே அந்தப் பேய்க்கும் லைசென்ஸ் இல்லை. பேட்டரிக் கடைக்காரரைக் கூட்டிவந்து காட்டினோம். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, பேட்டரியில் ஒரு குறையும் இல்லை, யாரோ உறிஞ்சுகிறார்கள் என்று சொல்லிவிட்டு ஒரு டீயையும் உறிஞ்சிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை, அக்கா எழுவதற்குள் ப்ளக் பாயின்டைப் பிடித்துவிடலாம் என்று விடிந்தும் விடியாமலும் ஷெட்டுக்குப் போனேன். கதவு உள்பக்கம் சாத்தியிருந்தது. பக்கவாட்டுச் சின்னக் கதவு வழியாக உள்ளே நுழைந்தால், காரின் முன்விளக்கு இரண்டும் மூடிய கதவின் மேல் பளிச்சென்று அடிக்கின்றன. இடது இண்டிகேட்டர் மின்னுகிறது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கீச்சிடுகிறது. ரேடியோ பாடுகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அக்கா, முதுகு நேராக.

நான் பக்கத்துச் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பெல்ட் போடு" என்றாள்.

போட்டேன். அப்புறம் நாங்கள் போனோம். எஞ்சின் ஓடவில்லை, சக்கரம் சுற்றவில்லை, ஆனால் போனோம். மருந்துக்கடையில் இடது பக்கம் திரும்பினோம். பள்ளிக்கூடம் என்று சொல்லி வேகத்தைக் குறைத்தாள். சிக்னலில் சிவப்பு என்று நிறுத்தினாள். பச்சை விழ எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் கேட்டதற்கு, அவசரப்பட்டால் எப்படி என்று திட்டினாள். ரவுண்டானாவில் ஒரு லாரிக்கு வழி விட்டோம். ஒரு வளைவில் நான் நிஜமாகவே சாய்ந்துவிட்டேன், என் தலை ஜன்னலில் இடித்தது. மருத்துவமனை வாசலில் இரண்டு கார்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினாள், அதுவும் ஒரே முயற்சியில். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் பெல்ட்டோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம்.

சிரித்து முடித்த பிறகு, எஞ்சின் ஓடாதபோது இந்த விளக்கும் வைப்பரும் பேட்டரியைத்தான் குடிக்கும் என்று சொன்னேன்.

"தெரியும்டா" என்றாள். விளக்கை அணைத்தாள். "காலைல டிக்குனு சத்தம் மட்டும் கேட்டா நிம்மதியா இருக்கு. இன்னைக்கு ஓட்ட வேணாம், பேட்டரி சரியில்லைன்னு சொல்லிக்கலாம்ல."

எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது, ஏனென்றால் இந்தக் கதையில் அக்காவை நான் பயம் என்றால் என்னவென்று தெரியாத பெண்ணாக எழுதி வைத்திருந்தேன். ஷெட்டுக்குள் நின்றபடியே ஊர் சுற்றும் அவளுக்கும், மூன்று தொடக்கம் எழுதிவிட்டு முன்னால் நகராத எனக்கும் நடுவே ஓர் உவமை வந்து நிற்கிறது. நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். நான் எழுதப் போவதில்லை.

5.

(ஞாயிறு முழுவதும் இந்தப் பகுதி எழுதப்படவில்லை. ப்ளக் பாயின்டை நானே அக்காவுக்கு விட்டுக்கொடுத்தேன். என் இலக்கிய வாழ்க்கையின் ஒரே தியாகம் இது. விமர்சகர்கள் கவனிக்க வேண்டும்.)

6.

திங்கள் காலை. கைவசம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

அ) கார் கிளம்பவில்லை. அக்கா பழைய முதலாளியிடமே போகிறாள். (எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.)

ஆ) அத்தான் கப்பலிலிருந்து திடீரென்று வந்து சாவியை வாங்கிக்கொள்கிறார். (அக்கா படித்துவிட்டு, அவரைக் கப்பலுக்கே திருப்பி அனுப்பச் சொன்னாள். அனுப்பிவிட்டேன்.)

இ) இப்போது நடந்துகொண்டிருப்பது.

சுவர், கறுப்பு, சிவப்பு என்று வரிசை தப்பாமல் கழற்றினாள். பானெட்டை மூடினாள். ஷெட் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "ஆனா என்னையப் பாக்காத. நீ பாத்தா எனக்குக் கை நடுங்கும். எதையாச்சும் எழுதிட்டு இரு."

எழுதிக்கொண்டிருக்கிறேன். லேப்டாப் மடியில். அதன் ஒயர் கார் ஜன்னல் வழியாகப் போய், இதோ, சுவரில் அந்த ப்ளக் பாயின்டில் இருக்கிறது. கழற்றச் சொன்னாள். கார் நகர்ந்தால் அதுவே பிடுங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே வாசகரே, கணக்கு எளிது. கார் நின்ற இடத்திலேயே நின்றால் நான் சாவகாசமாக முடிவுரை எழுதி, கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியும் வைப்பேன். கார் போய்விட்டால் வைக்க முடியாது. இந்தக் கதைக்கு நல்ல முடிவும் முற்றுப்புள்ளியும் சேர்ந்து கிடைக்காது. அதற்கு அப்புறம் சிக்னலில் என்ன ஆனது, ரவுண்டானாவில் லாரி வந்ததா என்பதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ப்ளக் பாயின்ட் இருக்குமே.

சாவியைத் திருகுகிறாள். டிக் இல்லை. எஞ்சின் உறுமுகிறது, என் எழுத்தெல்லாம் ஆடுகிறது.

"பேட்டரி நல்லாத்தான்டா இருக்கு" என்கிறாள், என்னவோ நான் குற்றம் செய்ததுபோல. இனிச் சொல்லிக்கொள்ளக் காரணம் எதுவும் இல்லை.

கிளட்ச். ஒரு குலுக்கல். நின்றுவிட்டது.

மேலே இருக்கும் முற்றுப்புள்ளியைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். தயவுசெய்து பக்கத்தை மூடாதீர்கள். அவள் இரண்டு கையையும் தொடையில் துடைத்துக்கொள்கிறாள். நான் பார்க்கவில்லை, ஓரக்கண்ணால்தான். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டுகிறாள். மறுபடி சாவி. எஞ்சின். ஆளே இல்லாத தெருவுக்கு இண்டிகேட்டர் போடுகிறாள். "எழுதுறியா?" என்கிறாள். எழுதுகிறேன் அக்கா. தரையில் கிடந்த ஒயர் மெதுவாக எழுகிறது, ஷெட் வாசல் எங்களைத் தாண்டிப் பின்னால் போகிறது, ஒயர் துணி காயப்போடும் கொடிபோல இறுகி நிற்கிறது, அக்கா வாய்விட்டுச் சிரிக்கிறாள், "டேய் இது நெசமாவே போகுதுடா" என்கிறாள், பார்க்காதே என்று சொன்னவளை நான் பார்த்துவிட்டேன், அவள் கை நடுங்கவே இல்